ஏழரைப் பவுன் கேமரா: வீட்டில் சண்டை எங்கே தொடங்குகிறது?

2023 மே மாதம் நிக்கான் இசட்8 கேமரா வெளிவந்தபோது இந்தியாவில் அதன் விலை 3,43,995 ரூபாய். லென்ஸ் கிடையாது, வெறும் பாடி மட்டும். அந்த மாதம் சென்னையில் ஆபரணத் தங்கம் பவுன் 46,000 ரூபாயை ஒட்டி விற்றது. செய்கூலி, சேதாரத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஒரு கேமரா ஏறக்குறைய ஏழரைப் பவுன். எண் தானாக அமைந்தது. சனி பகவானை இதில் இழுக்க வேண்டாம். 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அந்த ஏழரைப் பவுன் பீரோவில் இருந்திருந்தால் ஆறே முக்கால் லட்சம் ஆகியிருக்கும். கேமராவை அதே நேரத்தில் விற்கப் போயிருந்தால், பில் இருக்கா, பெட்டி இருக்கா, கீறல் இருக்கா என்று மூன்று கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கழித்துக்கொண்டு, வாங்கிய விலைக்கு வெகு கீழே ஒரு தொகையைச் சொல்லியிருப்பார்கள்.

நம்மூரில் ஒரு மனைவி "இந்தக் காசுக்கு எத்தனை பவுன் வந்திருக்கும் தெரியுமா?" என்று கேட்கும்போது கணவர்கள் அதை நகை ஆசை என்று தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் அது முதலீட்டுக் கணக்கு. மேலே பார்த்தபடி, சரியான கணக்கும்கூட. தமிழ் வீடுகளில் பெரிய செலவுக்கான அளவுகோல் ரூபாய் கிடையாது, பவுன். மனை, பைக், பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் எல்லாமே கடைசியில் பவுனாக மாற்றிப் பார்க்கப்படும். அவசரத்துக்கு அடகு வைக்க முடிகிற பொருள் ஒரு ரகம், முடியாதது இன்னொரு ரகம். கேமரா இரண்டாவது ரகம். கணவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: சேதாரம் என்ற பெயரில் நகைக்கடையில் வாய் திறக்காமல் கொடுக்கும் தொகையை யாரும் வீண் என்று சொல்வதில்லை. ஆனால் இந்த வாதத்தை வீட்டில் வைத்து ஜெயித்தவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

சரி, விலைதான் காரணமா? பாதிதான். ஒன்றரை லட்சம் ரூபாய் போனுக்கு வராத சண்டை எண்பதாயிரம் ரூபாய் லென்ஸுக்கு வருகிறதே, அது ஏன்? அதைப் புரிந்துகொள்ள வீட்டில் கேமராவின் இடம் எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும்.

அறுபது, எழுபதுகளில் அக்ஃபா கிளிக் III, எண்பதுகளில் ஹாட் ஷாட், அப்புறம் யாஷிகா எம்எஃப்-2. இவற்றில் ஏதோ ஒன்று கொஞ்சம் வசதியான வீடுகளில் இருந்தது. யார் சம்பளத்தில் வாங்கினாலும் அது குடும்பத்துக் கேமரா. பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் இருக்கும். பழனிக்கோ ஊட்டிக்கோ போகும்போது வெளியே வரும். அக்கம்பக்கத்தில் காதுகுத்து என்றால் இரவல் போகும். ஒரு ரோலில் 36 படம். கழுவி, பிரிண்ட் போட்டு, ஆல்பத்தில் செருகி, வருகிறவர்களுக்கெல்லாம் காபியோடு சேர்த்துக் காட்டுவார்கள். அந்தக் கேமரா எதற்கு என்று எந்த மனைவியும் கேட்டிருக்க மாட்டார். அது அவருடையதும்கூட.

அந்த வேலையைப் போன் எடுத்துக்கொண்டது. ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர்களின் சங்கமான சிபா வெளியிடும் கணக்குப்படி 2010-இல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. 2023-இல் அது சுமார் 77 லட்சம். பிறந்தநாள், சுற்றுலா, பள்ளி விழா என்று குடும்பத்துக்குத் தேவையான படங்களைப் போனே எடுத்துவிடுவதால், எஞ்சியிருக்கும் கேமரா ஒரு தனி மனிதரின் விருப்பப் பொருளாகச் சுருங்கிவிட்டது. விலையோ எதிர்த்திசையில் போனது. சாதாரணக் குடும்பங்கள் வாங்குவதை நிறுத்தியதும், நிறுவனங்கள் மலிவு மாடல்களைக் குறைத்துக்கொண்டு, ஆர்வலர்களும் தொழில்முறைக்காரர்களும் வாங்கும் விலை உயர்ந்த மாடல்களில் கவனம் வைத்தன. குடும்பத்துக்குத் தேவையில்லாத ஒன்று, முன்பைவிடப் பல மடங்கு விலையில் வீட்டுக்குள் வருகிறது. கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தக் கேள்வியின் வாசகம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "போன்லயே நல்லாத்தானே வருது?"

இதற்கு நேர்மையான பதில் இருக்கிறது. கேமராவில் ஒளியைப் படமாகப் பதியும் சில்லுதான் சென்சார். முழு அளவு சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். போன் சென்சாரைவிடப் பல மடங்கு பெரியது. வேடந்தாங்கலில் ஏரியின் நடுவே மரத்தில் கூடு கட்டியிருக்கும் சங்குவளை நாரையின் கண்ணைக் கரையிலிருந்து எடுக்கப் போன் போதாது. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 500, 600 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் அந்த நாரைப் படத்தை அவர் மனைவிக்கு எதில் காட்டுகிறார்? வாட்ஸ்அப்பில். ஆறங்குலத் திரையில், சுருக்கப்பட்டு, பெரியப்பாவின் காலை வணக்கத்துக்கும் சித்தியின் ரசப்பொடிக் குறிப்புக்கும் நடுவில். இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வித்தியாசம் அங்கே தெரியவே தெரியாது. வாங்கியதன் பலன் என்ன என்று பார்க்கும் வாய்ப்பையே கொடுக்காமல், பாராட்டவில்லை என்று வருத்தப்படுவது நியாயமில்லை. ஒரு படத்தை இரண்டடி அகலத்துக்கு அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியவர்களின் வீட்டில் பேச்சின் தொனி வேறாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சிக்கல், ஒன்று வாங்கினால் ஒன்றோடு நிற்காதது. இசட்8-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 45.7 மெகாபிக்சல், சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா வடிவத்தில் விநாடிக்கு 20 படம் எடுக்கும். ஒரு ரா கோப்பு, சுருக்கும் முறையைப் பொறுத்து, 20 முதல் 55 எம்பி வரை வரும். மீன்கொத்தி தண்ணீரில் பாயும் அந்த ஒரு நொடிக்காகப் பட்டனை அழுத்திப் பிடிப்பவர், ஒரு காலையில் இரண்டாயிரம் படத்தோடு வீடு திரும்புவது சர்வசாதாரணம். வேகமான கார்டு வேண்டும். சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதைத் திறக்கப் பழைய லேப்டாப் திணறும். புது லேப்டாப். சேமிக்க ஹார்ட் டிஸ்க். அது போய்விட்டால் என்ன செய்வது என்று இன்னொரு ஹார்ட் டிஸ்க். லென்ஸே இரண்டு கிலோவுக்கு மேல் என்பதால் ட்ரைபாட், அதன்மேல் கனமான லென்ஸை எளிதாகத் திருப்ப உதவும் கிம்பல் ஹெட். எல்லாவற்றையும் போட்டுச் சுமக்க ஒரு பை. பைகள் தனிக் கதை. எந்தப் பையும் திருப்தி தராது. பழைய மாடலிலிருந்து மாறுபவர்களுக்கு, லென்ஸைப் பாடியில் பூட்டும் வளையமான மவுண்டின் மாற்றம் வேறு. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது, கேனனின் இஎஃப் 1987-இல். 2018-இல் இரண்டு நிறுவனங்களும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்காகப் புது மவுண்டுக்குப் போனபோது, "லென்ஸ்தாம்மா முதலீடு, பாடி மாறும், லென்ஸ் ஆயுசுக்கும் இருக்கும்" என்று வீட்டில் பல வருடம் சொல்லி வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். அடாப்டர் போட்டுப் பழைய லென்ஸை மாட்டலாம்தான். அதைச் சொல்லிவிட்டு ஒரே வருடத்தில் புது லென்ஸும் வாங்கினார்கள்.

அப்புறம் பூஞ்சை. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸைப் பைக்குள்ளேயே போட்டு வைத்தால், உள் கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். அதைச் சுத்தம் செய்ய லென்ஸைப் பிரிக்க வேண்டும், அது தனிச் செலவு. ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள். அதற்கென்று டிரை கேபினெட் விற்கிறது: கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, வெளியே எண் காட்டும் திரை, சின்ன ஃப்ரிட்ஜ் மாதிரி. கேபினெட் வாங்கும் வரை ஆர்வலர்கள் என்ன செய்கிறார்கள்? சமையலறைக்குள் நுழைகிறார்கள். இறுக்கி மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, நாலு பக்கமும் கிளிப், மூடியில் ரப்பர் பட்டை. அதில் துவரம்பருப்பு இருந்தது. இப்போது பருப்பு எவர்சில்வர் தூக்குக்குப் போயிருக்கிறது. டப்பாவில் கீழே சிலிக்கா ஜெல் பொட்டலம், மேலே மஞ்சள் துணியில் சுற்றிய 70-200 லென்ஸ், பக்கத்தில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். மழை நாளில் பருப்பில் வண்டு வந்தால் யாருக்குப் பதில் சொல்வது? மனைவியின் கோபத்தை விலை மட்டும் வைத்து அளக்கிறவர்கள் இந்த டப்பாவை மறந்துவிடுகிறார்கள். பொழுதுபோக்கு பணத்தை மட்டும் எடுக்கவில்லை. அலமாரி, மேஜை, டப்பா என்று இடத்தையும் எடுத்துக்கொள்கிறது.

இதையெல்லாம் எதிர்பார்த்து, சொல்லாமலே வாங்கும் வழக்கம் வந்தது. ஆர்வலர்கள் கூடும் இடத்தில் இது வீரக்கதையாகவே பேசப்படும். கேமரா பாடிகள் பெரும்பாலும் கறுப்பு. புதியது பழையதைப் போலவே இருக்கும். எனவே பழைய கழுத்துப் பட்டையை எடுத்துப் புதியதில் மாட்டிவிட்டால் போதும். பார்சல் ஆபீஸ் முகவரிக்கு வரும். பெட்டி ஆபீஸ் மேஜைக்கு அடியிலேயே கிடக்கும். "இது எப்ப வாங்கினீங்க?" என்றால், "இதுவா, பழசுதாம்மா" அல்லது "கணேஷோடது, டெஸ்ட் பண்ணக் குடுத்திருக்கான்." எல்லா ஊரிலும் ஒரு கணேஷ் இருக்கிறான். இந்த உத்தியில் மாட்டிக்கொள்கிறவர்கள் கேனன், சோனி ஆட்கள். அவர்களுடைய பெரிய டெலி லென்ஸ்கள், அதாவது தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ்கள், வெயில் சூட்டை உள்ளே வாங்காமல் இருப்பதற்காக வெள்ளை நிறத்தில் வருகின்றன. முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழாயை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

மற்றபடி பெரும்பாலோரைக் காட்டிக்கொடுப்பது இஎம்ஐ. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற பெயரில் வட்டி இல்லை என்று நினைத்து வாங்குகிறார்கள். வட்டி உண்டு. வட்டிக்குச் சமமான தொகை விலையில் தள்ளுபடியாகக் கழிக்கப்படும்; வங்கி வழக்கம்போல வட்டி போடும்; அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதோடு செயலாக்கக் கட்டணம். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே சொல்லிவிட்டது. ஆக, கார்டு ஸ்டேட்மெண்டில் கேமரா ஒரு வரியாக வந்து முடிந்துவிடாது. மாதம் ஒரு தவணை, வட்டி, வரி என்று தனித்தனி வரிகளாக ஒன்பது மாதமோ பன்னிரண்டு மாதமோ வந்துகொண்டே இருக்கும். வீட்டு வரவுசெலவை எழுதி வைக்கும் மனைவிக்கு இரண்டாவது மாதமே தெரிந்துவிடும். பல பேர் உடனே கேட்பதில்லை. தீபாவளி ஜவுளிக்குப் பட்ஜெட் பேசும்போது எடுத்து வைப்பார்கள்.

சண்டை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. "ஏன் வாங்கினே?" என்பதைவிட "ஏன் சொல்லல?" என்பதுதான் ரொம்ப நாள் நீடிக்கும் கேள்வி. முன்னதற்கு ஏதாவது பதில் இருக்கும். பின்னதற்கு இருக்கிற ஒரே பதில், "நீ வேண்டாம்னு சொல்லிடுவேன்னு பயந்தேன்" என்பது. அது சமாதானமும் இல்லை, இன்னொரு குற்றச்சாட்டு.

அமெரிக்காவில் ஸ்காட் ரிக், டெபோரா ஸ்மால், ஈலை ஃபின்கெல் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, செலவு செய்யத் தயங்குகிறவர்களும் கை ஓட்டையானவர்களும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கும் போக்கு இருப்பதாகவும், இருவருக்கும் இடைவெளி கூடக் கூடப் பணச் சண்டையும் கூடுவதாகவும் கண்டது. இவர்களோடு ஜென்னி ஓல்சனும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், புதுமணத் தம்பதியரில் கூட்டு வங்கிக் கணக்கில் பணத்தை ஒன்றாகப் போட்டவர்களின் உறவு இரண்டு வருடத்தில் மற்றவர்களைவிட நன்றாக நிலைத்தது. முதல் முடிவை அப்படியே நம் வீடுகளுக்குப் பொருத்த முடியாது. இங்கே ஜோடியை ஜாதகமும் பெரியவர்களும் சேர்த்து வைத்திருக்கலாம். ஆனால் இரண்டாவது முடிவு யோசிக்க வைக்கிறது. கூட்டுக் கணக்கில் ஒளித்து வாங்குவது கஷ்டம். ஒளிக்க முடியாதபோது பேசித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு பழக்கமும் எனக்குப் பிடிப்பதில்லை. 'ஹோம் மினிஸ்டர் அப்ரூவல் வேணும்', 'ஃபைனான்ஸ் மினிஸ்ட்ரி ஃபைலைத் திருப்பி அனுப்பிட்டாங்க' என்ற வகை நகைச்சுவை. இது நம்மூர்ச் சரக்கு மட்டுமில்லை. ஒலிபெருக்கி ஆர்வலர்களுக்கான அமெரிக்க இதழான ஸ்டீரியோஃபைலில் லாரி கிரீன்ஹில் 1983-இல் 'மனைவி ஏற்றுக்கொள்ளும் அளவு' என்றே ஒரு தகுதியை எழுதினார். ஆளுயரப் பெட்டியைக் கூடத்தில் வைக்க மனைவி சம்மதிப்பாரா என்பது கணக்கு. பிறகு அது கேமரா, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பரவியது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கவனித்தால், இந்த நகைச்சுவையில் ஆண் விளையாட்டுப் பிள்ளை, பெண் வார்டன். வீட்டுக் கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மாமியாரின் மாத்திரைச் செலவு எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு 'இப்ப வேண்டாமே' என்று சொல்லும் கெட்ட பெயர் வேலை முழுக்க அவர் தலையில். அந்த வேலையை இருவரும் பகிர்ந்துகொண்டால் அப்ரூவலுக்கே அவசியம் இருக்காது.

சிலர் 'பிசினஸ்' என்று ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். வார இறுதியில் கல்யாண ஆர்டர் பிடிப்பேன், ஆறே மாதத்தில் போட்ட காசு வந்துவிடும். நடப்பது என்ன? முதல் அழைப்பு நண்பனிடமிருந்து: "மச்சி, தங்கச்சி நிச்சயதார்த்தம், கேமராவோட வந்துடு." வந்தவருக்குச் சாப்பாடு உண்டு, தாம்பூலப் பை உண்டு. அப்புறம் மூன்று வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து எடிட்டிங். உண்மையிலேயே தொழிலாகச் செய்பவர்கள் முகூர்த்த நாள் பட்டியலை வைத்து அட்வான்ஸ் வாங்கி வேலை செய்கிறார்கள். அவர்கள் கேமராவைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதுவதும் இல்லை. நடுவில் நிற்பவர்கள்தான் வீட்டில் நம்பகத்தன்மையை இழக்கிறார்கள். ஆசைக்கு வாங்கினேன் என்பதை ஆசைக்கு என்றே சொன்னால் பாதி வீட்டில் ஒத்துக்கொள்வார்கள் என்பது என் கணிப்பு.

பணத்தின் அளவுக்குப் பேசப்படாத ஒன்று ஞாயிற்றுக்கிழமை. பறவைக்கு வெளிச்சம் விடிந்து இரண்டு மணி நேரம் வரைதான் நன்றாக இருக்கும். பள்ளிக்கரணைக்கே நாலரைக்கு எழ வேண்டும். பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போனால் மூன்றரைக்கு. நவம்பரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகளின் காலம். அதாவது வீட்டில் கார்த்திகை, மார்கழி, பொங்கல், பிள்ளைகளின் பரீட்சை. வாரத்தில் ஒரே ஒரு காலை எல்லோரும் வீட்டில் இருக்கும் காலை. அதில் ஒருவர் இல்லை. பத்து மணிக்குத் திரும்பி வந்து தூங்குகிறார். மாலையில் இரண்டாயிரம் படத்தை வடிகட்டுகிறார். அவரிடம் 40 வகை வாத்து, உள்ளான் படங்கள் இருக்கின்றன. பொண்ணு ஆண்டுவிழாவில் ஆடிய படம் அம்மா போனில் மட்டும் இருக்கிறது, அதுவும் பின்வரிசையிலிருந்து எடுத்து, முன்னால் யாரோ ஒருவரின் தலையோடு. "இவ்வளவு பெரிய கேமரா வச்சிருக்கீங்க, எங்களை ஒரு படம் எடுத்ததுண்டா?" என்ற கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். லென்ஸ் 600 மில்லிமீட்டர் என்பதால் கூடத்தில் நின்று எடுக்க முடியாது என்பது தொழில்நுட்ப ரீதியில் சரியான பதில். அதைச் சொல்லாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

கேமரா மனைவியின் கையில் இருந்தால் காட்சி வேறு. அங்கே கணவர் "எதுக்கு இவ்வளவு செலவு?" என்று நேராகக் கேட்பது குறைவு. "முதல்ல கேமராவோட வந்த இந்தக் கிட் லென்ஸ்ல கத்துக்கோ, அப்புறம் பார்க்கலாம்" என்பார். கடைக்குப் போனால் விற்பனையாளர் கணவரைப் பார்த்துத்தான் விளக்குவார், வாங்கப்போவது யார் என்று தெரிந்தும். கோடியக்கரைக்கோ வால்பாறைக்கோ ஒரு குழுவோடு இரண்டு நாள் போகிறேன் என்றால், யார் யார் வருகிறார்கள், எங்கே தங்குவீர்கள், பிள்ளைகளுக்கு இட்லிமாவு இருக்கா என்று வேறு மாதிரியான விசாரணை. ஆண் ஒளிப்பது பில்லை. பெண் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியது மூன்று வேளைச் சாப்பாட்டை. சம்பாதிக்கும் பெண்ணாக இருந்தாலும் பெரும்பாலும் இதுதான் நிலைமை. இந்தப் பக்கத்தைப் பற்றி நகைச்சுவைத் துணுக்குகள் அதிகம் இல்லை என்பதே ஒரு தகவல்தான்.

சுமுகமாகப் போகிற வீடுகளில் பொதுவாக என்ன பார்க்கிறேன்? இருவருக்கும் மாதம் ஒரு தொகை, கேள்வி கேட்காமல் செலவழிக்க. சேர்த்து வைத்து லென்ஸ் வாங்கினாலும் சரி, புடவை எடுத்தாலும் சரி. பெரிய லென்ஸை வாங்குவதற்கு முன் ஒரு பயணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது. பாதி ஆசை அந்த எடையைத் தூக்கி நடக்கும்போதே இறங்கிவிடும். புதிதாக ஒன்று வருவதற்கு முன் பழையது ஒன்று விற்றாக வேண்டும் என்ற ஏற்பாடு. செகண்ட் ஹாண்டில் வாங்குவதாக இருந்தால், லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்துப் பூஞ்சை இருக்கிறதா என்று சோதிப்பதை மனைவியும் கற்றுக்கொண்ட வீடு ஒன்று எனக்குத் தெரியும். இப்போது பேரம் பேசுவது அவர்தான், கணவருக்கு அந்த வேலை வராது.

இதைவிட முக்கியம், உண்மையான விலையை வீட்டில் இன்னொருவருக்குத் தெரிய வைப்பது. லென்ஸை எண்பதாயிரத்துக்கு வாங்கிவிட்டு எட்டாயிரம் என்று சொல்லி வைத்தவருக்கு நாளை ஏதாவது ஆகிவிட்டால், அது எட்டாயிரத்துக்கே கைமாறும், பக்கத்து வீட்டுக்காரருக்கோ பழைய பேப்பர்க்காரருக்கோ. திருட்டுக்கு இன்ஷூரன்ஸ் கேட்கவும் பில்லும் சீரியல் எண்ணும் வேண்டும். பொதுவான வீட்டுப் பாலிசி வெளியே எடுத்துப் போகும் கேமராவுக்குப் பொருந்தாமல் போகலாம், தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். எனவே ஒரு தாளில் பாடி, லென்ஸ் ஒவ்வொன்றின் பெயர், எந்த மவுண்ட், சீரியல் எண், வாங்கிய தேதி, கொடுத்த விலை, விற்பதானால் யாரிடம் கேட்கலாம் என்று எழுதி, நகை ரசீதுகள் இருக்கும் அதே ஃபைலில் வைத்துவிடலாம். பெட்டியை மட்டும் ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். பெட்டி இல்லாவிட்டால் விலை குறையும்.